விடுதி அறைக்குக் கேபிளா, வைஃபையா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹானோவர் என்ற சிற்றூரில் இருக்கும் டார்ட்மத் கல்லூரி, மாணவர் விடுதிகளுக்கு வலையமைப்பு கொடுப்பதில் இரண்டு முறை முந்திக்கொண்டது. 1980-களின் நடுவில் மேக்கின்டோஷ் கணினிகள் வளாகத்துக்குள் வந்தபோதே விடுதி அறைகளுக்குக் கேபிள் இழுத்தது. தலையணைக்கு ஒரு போர்ட், அதாவது மாணவர் ஒருவருக்கு ஒன்று என்பது அந்தக் காலக் கணக்கு. 2001-இல் வளாகம் முழுக்க வைஃபை போட்டது. இனி வைஃபை மட்டும் போதுமா என்று யோசிக்கிற விடுதி நிர்வாகம், இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

கேபிளின் பலம் பங்கில்லாத இணைப்பில் இருக்கிறது. சுவரிலுள்ள போர்ட்டிலிருந்து ஸ்விட்ச் வரை செல்லும் இணைப்பு ஒரே மாணவருக்குச் சொந்தம். பக்கத்து அறைக்காரர் எத்தனை படம் இறக்கினாலும் அந்த இணைப்பின் வேகம் குறையாது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கோளாறு வந்தால், டெஸ்டரை மாட்டியதும் பழுது கேபிளிலா இல்லையா என்பது தெரிந்துவிடும். வைஃபையில் அப்படியில்லை. ஒரு சேனலில் ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. டார்ட்மத் அன்று போட்ட 802.11பி தரத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 11 மெகாபிட்தான். ஒரே அக்சஸ் பாயிண்டில் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) இணைந்த அத்தனை பேரும் அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

அப்படியும் மாணவர்கள் வைஃபை பக்கமே சாய்ந்தார்கள். டேவிட் கோட்ஸ், கோபி எஸ்ஸியன் என்ற இரு டார்ட்மத் ஆய்வாளர்கள், 2001 இலையுதிர் பருவத்தில் 11 வாரம் அந்த வலையமைப்பைக் கண்காணித்தார்கள். 161 கட்டடங்களில் 476 அக்சஸ் பாயிண்ட்கள் இருந்தன. பயன்பாட்டில் விஞ்சி நின்றவை விடுதிகள், குறிப்பாகப் புதிய மாணவர்கள் நிறைந்த விடுதிகள். கைக்கெட்டும் தூரத்தில் போர்ட் இருந்த காலத்திலேயே இந்த நிலை. 2008-இல் வந்த மேக்புக் ஏரில் வலையமைப்புக் கேபிளை நேரடியாக மாட்ட இடமே கிடையாது. பிறகு கைபேசியும் டேப்லெட்டும் அறையை நிறைத்தன. மாணவர் வாங்கி வரும் கருவிகளே கேபிளை ஓரங்கட்டிவிட்டன. யாரும் தொடாத போர்ட்டுகளுக்காக ஸ்விட்ச் வாங்கி, மின்சாரம் கொடுத்து, பராமரிப்பு ஒப்பந்தம் போடுவது வீண் செலவுதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. சில கருவிகள் ஓர் அக்சஸ் பாயிண்டில் நிலைகொள்ளாமல் ஓயாமல் மாறிக்கொண்டே இருந்தன. எண்ணிக்கையையும் பாருங்கள்: 476-ஐ 161-ஆல் வகுத்தால் கட்டடத்துக்குச் சராசரியாக மூன்று அக்சஸ் பாயிண்ட். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்ட காலம் அது. இன்றைய விடுதியில் சிக்னல் கிடைப்பதோடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேகமும் வேண்டும்.

இங்கேதான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. செலவைக் குறைக்க நடைபாதைக் கூரையில் வரிசையாக அக்சஸ் பாயிண்ட் மாட்டுகிறார்கள். நீண்ட நடைபாதையில் அவற்றுக்கிடையே தடுப்பே இல்லை. ஒன்றின் அலை மற்றொன்றைத் தாராளமாக எட்டுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே என்பதால் நெரிசல் நிச்சயம். அறைக்குள் பாருங்கள். கனமான கதவு, அதையொட்டிக் குளியலறை, டைல்ஸ் பதித்த சுவருக்குள் தண்ணீர்க் குழாய், அப்புறம் இரும்பு அலமாரி. இத்தனையையும் தாண்டித்தான் சிக்னல் கட்டிலுக்கு வர வேண்டும். அக்சஸ் பாயிண்ட்கள் தங்களுக்குள் நன்றாகக் கேட்டுக்கொள்கின்றன, மாணவருக்குத்தான் கேட்பதில்லை.

ஆகவே வைஃபை மட்டும் என்ற திட்டத்தில் கேபிளை நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாணவருக்கான போர்ட்டை எடுத்துவிடலாம்; அறைக்குப் போகும் கம்பி இருந்தாக வேண்டும். இருவர் தங்கும் 100 அறைகள் என்றால் பழைய கணக்கில் 200 போர்ட். இரண்டு அறைக்கு ஓர் அக்சஸ் பாயிண்ட் என்று உள்ளேயே வைத்தால் 50. மிச்சம் கணிசமானது. அந்த அக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். சுவரில் பதிக்கும் வகையில் அடியில் சில போர்ட்டுகளும் இருப்பதால், பெரிய தரவுகளோடு போராடும் ஆராய்ச்சி மாணவருக்குக் கேபிள் வழியும் அடைபடாது. ஒரே எச்சரிக்கை: மேசைக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் மாட்டினால் அலமாரியை நகர்த்தி மறைத்துவிடுவார்கள்.

வலையமைப்பு மோசமானால் மாணவர்கள் சொந்த ரூட்டர் வாங்கி வருவார்கள். கேபிள் விடுதியில் சுவர்க் கேபிளை ரூட்டரின் வெளி இணைப்புத் துளைக்குப் பதில் உள் இணைப்புத் துளையில் செருகினால், தடுப்பு அமைக்காத ஸ்விட்சில் அந்தத் தளம் முழுவதற்கும் தப்பான ஐபி முகவரி போகும். வைஃபை விடுதியில் அது சேனலை அடைத்துக்கொள்ளும். கேம் கன்சோலும் ஸ்மார்ட் டிவியும் பல்கலைக்கழகத்தின் பயனர்பெயர், கடவுச்சொல் முறையில் பெரும்பாலும் நுழைய முடியாது. அவற்றைப் பதிவு செய்ய எளிய வழி முதல் நாளே இருந்தால், ரூட்டர் வாங்கும் காரணங்களில் ஒன்று குறையும்.

அளவீட்டை விடுமுறையில் காலியான கட்டடத்தில் எடுத்துப் பயனில்லை. பருவத்தின் நடுவே, இரவு 10 மணிக்கு, கதவுகளைச் சாத்தி, கட்டில் அருகே நின்று அளக்க வேண்டும். ஒரு தளத்தில் மட்டும் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, அந்த அளவீடு திருப்தியாக இருந்தால் மற்றத் தளங்களின் போர்ட்டுகளை அணைக்கலாம்.