கொள்கலன் காத்திருந்தால் யார் கட்டுவது? ஹம்பேர்க், றொட்டர்டாம், கொழும்பு

யேர்மனியில் எமது கடைகளில் நாம் வாங்கும் சிவப்புப் பச்சை அரிசியும் மிளகாய்த்தூளும் பெரும்பாலும் கொழும்பில் கப்பலேறி வருபவை. அவை எந்தத் துறைமுகத்தில் இறங்குகின்றன என்று நாம் கேட்பதில்லை. ஆனால் விலையில் அதற்கும் பங்குண்டு.

துறைமுகங்களை 20 அடிக் கொள்கலன் கணக்கில் அளப்பார்கள். 40 அடி என்றால் இரண்டு. 2007இல் ஹம்பேர்க் 9.9 மில்லியன் கையாண்டது, றொட்டர்டாம் 10.8 மில்லியன். 2023இல் றொட்டர்டாம் 13.4 மில்லியனுக்கு வளர, ஹம்பேர்க் 7.7 மில்லியனுக்கு இறங்கிவிட்டது.

முதற்காரணம் ஆறு. ஹம்பேர்க் கடலிலிருந்து எல்பே ஆற்றில் 100 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஆற்றை ஆழமாக்கும் திட்டம் சுற்றுச்சூழல் வழக்குகளில் பல ஆண்டுகள் இழுபட்டு, 2019இல்தான் வேலை தொடங்கியது. 2022 தையில் முழு ஆழமும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு சேறு படிந்ததால் அனுமதித்த ஆழத்தைக் குறைக்கவேண்டி வந்தது. 18 மீற்றர் ஆழமுள்ள வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகம் 2012இலேயே திறந்தும் நெடுங்காலம் ஈயோட்டியது. 2025 மாசியில் ஹப்பாக் லொய்ட், மார்ஸ்க் இரண்டும் சேர்ந்து புதிய கூட்டணி தொடங்கியபோது, யேர்மனியில் தமது மையங்களாக அதையும் பிரேமர்ஹாவனையும் தெரிவுசெய்தன. ஹப்பாக் லொய்ட்டின் தலைமையகம் ஹம்பேர்க்கில், அந்த நகரமே அதில் பங்குதாரர்! கப்பற்காரனுக்கு ஊர்ப்பாசம் இல்லை, நேரக்கணக்குத்தான்.

அந்த நேரம் நாட்டுக் கணக்கில் எப்படி விழுகிறது? உதாரணமாக 40,000 யூரோ சரக்கு 10 நாள் பிந்தினால், 8 வீத வட்டியில் ஏறத்தாழ 88 யூரோ. இது பெரிய தொகையில்லை. ஆனால் இலவச நாட்கள் முடிந்ததும் துறைமுகத்தின் இடவாடகையும் கப்பற் கம்பனியின் டெமறேஜும் நாளாந்தம் ஏறும். பிந்துமென்ற பயத்தில் கடைக்காரர் கூடுதல் இருப்பு வைப்பார். காசு களஞ்சியத்தில் முடங்கும். தொழிற்சாலையும் அப்படித்தான். 2022 கோடையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது வடகடலில் கப்பல்கள் வரிசையில் நின்றன. உதிரிப்பாகம் வராத இயந்திரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார்.

கணக்காளர் என்ற முறையில் எமக்கு இன்னொன்றும் முக்கியம்: கிறேன் வேகம் மட்டும் திறன் அல்ல, காகித வேகமும் திறன்தான். யேர்மனியில் இறக்குமதிக்குரிய பெறுமதி சேர் வரியை, உணவுக்குப் பெரும்பாலும் 7 வீதம், மற்றவற்றுக்கு 19 வீதம், காசாகக் கட்டவேண்டும், வரிப்படிவத்தில் அதைக் கழிக்கலாம். நெதர்லாந்தில் உரிய அனுமதி பெற்றவர் காசு கட்டாமல், வரிப்படிவத்தில் ஒருபக்கம் சேர்த்து மறுபக்கம் கழிக்கலாம். யேர்மன் சரக்கு பல றொட்டர்டாமைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2020 டிசம்பரிலிருந்து, தவணைக் கணக்குள்ளவர்களுக்கு, இறக்குமதி மாதத்துக்குப் பின்வரும் இரண்டாம் மாதம் 26ஆம் திகதிவரை யேர்மனி அவகாசம் தருகிறது. பாதித் தீர்வு என்பது எமது அபிப்பிராயம்.

கொழும்பின் கதை வேறு. 2018இல் அது 7 மில்லியனைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்ததல்ல. கப்பல் மாற்றி இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் போவது. அதனால் டொலர் வருகிறது. ஆனாலும் 2022 தொடக்கத்தில் உணவுப்பொருட் கொள்கலன்கள் ஆயிரத்துக்கு மேல் அதே துறைமுகத்தில் தேங்கின. கிறேன்கள் பழுதில்லை, வங்கிகளிடம் டொலர் இல்லை.

காங்கேசன்துறையைச் சீரமைக்க இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை அறிவித்திருக்கிறது. இன்றுவரை அங்கு கொள்கலன் முனையம் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பனம்பொருள் ஹம்பேர்க்கோ றொட்டர்டாமோ போவதானால், முதலில் லொறியில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொழும்புக்குப் போகவேண்டும். அந்த லொறிக் கூலியும் எமது கடை விலைக்குள்தான் இருக்கிறது.