தவலம் ஓட்டிய ஊரில் ஹயர் ஓடுவது



இரண்டு கிழமைக்கு முன் ஒரு பின்னேரம், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் எங்களில் ஒருவருக்குப் போனில் ஒரு ஹயர் விழுந்தது. ஏறியவர் எங்கள் பாடசாலையில் எட்டாம் தரம் படிக்கும் பிள்ளையின் வாப்பா. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு "சேர், நீங்களா?" என்று கேட்டவர், இறங்கும் வரைக்கும் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலுக்கு வந்தபோது கதை வேறு மாதிரி ஆகியிருந்தது. மாஸ்டர்மார் படிப்பிப்பதை விட்டுவிட்டு வாடகை வாகனம் ஓடுகிறார்களாம்.

விடவில்லை. பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது. லுஹர் தொழுது, சாப்பிட்டு, அடுத்த நாள் பாடக்குறிப்பை எழுதிவிட்டுத்தான் கண்டிக்கு இறங்குகிறோம். இரவு ஒன்பதுக்கு வீட்டில் நிற்போம். எல்லா நாளும் இல்லை, கிழமைக்கு மூன்று நாள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தோம். ஆனால் வரலாறு படிப்பிப்பவர்களின் கை பழைய காலத்துக்கே போகிறது, மன்னிக்கவும்.

கண்டி அரசர்கள் காலத்தில் மலைநாட்டில் வண்டி ஓடும் வீதி கிடையாது. எதிரியின் படை இலகுவாக ஏறிவரக் கூடாது என்று பாதைகளை ஒடுக்கமாகவே வைத்திருந்தார்கள். அதனால் சாமான் எல்லாம் மாட்டின் முதுகில்தான் போகும். வரிசையாகப் போகும் அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத்தான் தவலம் என்று பெயர். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மேலே வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். உப்பு விளையாத நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலையைக் கவனித்த அரச திணைக்களம் 'மடிகே பத்த'. அதில் பெரும் பங்கு நம்மவர்களுக்கு இருந்தது. பேராசிரியை லோர்னா தேவராஜா 1994ல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய ஆங்கில நூலில் இதை விரிவாகப் படிக்கலாம். குருநாகல் பக்கம் மடிகே மிதியால என்று ஒரு முஸ்லிம் ஊர் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. நுவரெலியா போகும் வழியில் தவலந்தென்ன இருக்கிறது. பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகும் எத்தனை பேர் அந்தப் பெயரில் மாட்டு மணிச் சத்தத்தைக் கேட்டிருப்போம்?

எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தவலம் ஓட்டியவருக்கு அது மட்டும் தொழில் இல்லை. அவருக்கு வயல் இருந்தது. அந்தக் காணியை வைத்திருப்பதற்குப் பதிலாக அரசனுக்குச் செய்யும் சேவைதான் பொதி சுமப்பது. அதுதான் இராஜகாரிய முறை. அரசன் வேலை முடிந்த காலத்தில் அதே மாட்டைக் கொண்டு தன் சொந்த வியாபாரத்தையும் பார்த்தார். இன்றைய பாஷையில் சொன்னால் பார்ட் டைம். அதற்காக யாரும் அவரைக் கமக்காரன் இல்லை என்று சொல்லவில்லை.

1815ல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. வீதிகள் வெட்டப்பட்டன, பொதிமாட்டின் இடத்துக்கு மாட்டுக் கரத்தை வந்தது. 1832ல் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் 1848ல் அதே அரசாங்கம், ஆண்கள் வருஷத்துக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அந்த ஜூலை மாதத்திலிருந்து துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு, கரத்தைக்கு எல்லாம் லைசன்ஸ் காசு. நம் மாத்தளைப் பிள்ளைகள் வீர புரன் அப்புவையும் கொங்காலேகொட பண்டாவையும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஜூலை 28ல் மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டதும், ஆகஸ்ட் 8ல் புரன் அப்பு சுடப்பட்டதும் பரீட்சைக்கு வரும். அந்தக் கோபத்துக்குள் ஒரு கரத்தைக்காரனின் லைசன்ஸ் காசும் இருந்தது என்பது மட்டும் வராது.

கோப்பிக் காலத்தில் கரத்தைகளுக்கு நல்ல உழைப்பு. 1867ல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததோடு அந்த நீண்ட ஓட்டம் முடிந்தது. 1880ல் ரயில் மாத்தளைக்கும் வந்தது. அதற்குள் கோப்பி இலைநோயில் அழிந்துகொண்டிருந்தது. கோப்பிக்காகப் போட்ட பாதை, கோப்பி சாகும் நேரத்தில் வந்து சேர்ந்தது. அது மாத்தளையைத் தாண்டி ஒரு அடியும் போகவில்லை, இன்றைக்கும் தண்டவாளம் அங்கேயே முடிகிறது. அதனால் ரத்தோட்டைக்கும் நாவுலைக்கும் தம்புள்ளைக்கும் சாமான் கொண்டுபோக மறுபடி கரத்தைதான், பிறகு லொறிதான்.

பஸ் கம்பனிகளின் காலத்தைச் சுருக்கமாகத் தாண்டுகிறோம். 1958 ஜனவரி 1ல் பஸ்கள் அரசுடைமையாகி, சாரதியும் கொண்டக்டரும் மாதச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். அதே வருஷம்தான் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு முச்சக்கர வண்டி வந்தது. இன்று நாட்டில் பதிவு செய்யப்பட்டவை 10 லட்சத்துக்கு மேல். 2015ல் ஜிஃப்ரி ஸுல்பரின் பிக்மீ தொடங்கியது, அதே வருஷ முடிவில் ஊபர் கொழும்புக்கு வந்தது. ஸ்டாண்டில் காத்துக்கிடந்த ஹயர் போனுக்குள் வந்துவிட்டது.

2022ஐ யாரும் மறக்கவில்லை. வருஷத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470. கியூஆர் வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். ஐந்து வருஷம் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம் என்றும் சொன்னார்கள். அரச ஊழியனின் சம்பளம் போதாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதம் அது. எங்களில் இரண்டு பேர் லீசிங் கட்டிக்கொண்டிருந்த வாகனத்தை முதன்முதலில் ஹயருக்கு இறக்கியதும் அதற்குப் பிறகுதான்.

வெளியில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி வேண்டும் என்று தாபன விதிக்கோவை சொல்வது எங்களுக்குத் தெரியும். அந்த விதியைக் காட்டிப் பேசுபவர்களிடம் ஒரு கேள்வி. பின்னேரம் டியூஷன் வகுப்பு வைக்கும் மாஸ்டரைக் கெட்டிக்காரர் என்கிறீர்கள். சில பேர் காலையில் வகுப்பில் பாதியைச் சொல்லி மீதியைப் பின்னேரம் காசுக்குச் சொல்கிறார்கள். ஸ்டியரிங் பிடிப்பது அதைவிடக் கேவலமா? ஹலாலான உழைப்பைப் பற்றி மிம்பரில் கேட்டுவிட்டு வாசலில் இப்படிப் பேசலாமா?

எங்களுக்கும் ஒரு கவலை இருக்கிறது, ஆனால் அது வேறு. எங்களுக்காவது ஓய்வூதியம் இருக்கிறது. ஓ.எல். முடித்த கையோடு இதையே முழுநேரத் தொழிலாக எடுத்த எங்கள் பழைய மாணவர்களுக்கு என்ன இருக்கிறது? தவலக்காரனுக்குக் காணி இருந்தது. 1958ன் பஸ் சாரதிக்குச் சேமலாப நிதி இருந்தது. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகளைத் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்டது. அதனால் அங்கே குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்தோடு லீவும் அவர்களுக்கு உரிமையானது. இங்கே நம் பிள்ளைகள் சுயதொழில் கணக்கில் ஓடுகிறார்கள். இடுப்பு வலித்துப் படுத்தால் அன்றைக்கு உழைப்பு இல்லை. பள்ளி வாசலில் பேச விஷயம் வேண்டுமானால் இதைப் பேசலாம். அவர்கள் மாதாமாதம் ஒரு தொகையைச் சேர்த்துவைக்க நம் ஜமாஅத்தில் ஒரு வழி செய்யலாமா என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம். இஷாவுக்குப் பிறகு வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. யார் வீட்டு அட்டத்திலாவது பழைய மாட்டு மணியோ, பொதிச் சாக்கோ, கரத்தைச் சாமானோ கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம். வந்து எடுத்துக்கொள்ள வாகனம் இருக்கிறது.