பாடகர் போன பிறகு – ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுவின் கதை

1976 ஜூன் 4. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் கச்சேரி. கூட்டம் மிகக் குறைவு. மேடையில் இருந்தவர்களும் பெரிய வித்வான்கள் இல்லை. அதுதான் அங்கே வந்திருந்த பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக் என்ற பள்ளித் தோழர்களுக்குத் தைரியம் கொடுத்தது. மறுநாளே ஹூக் ஒரு பேஸ் கிடார் வாங்கிவிட்டார். வாசிக்கத்தான் தெரியாது!

பாடகராக இயன் கர்டிஸும், 1977ல் டிரம்ஸ் வாசிக்க ஸ்டீபன் மோரிஸும் சேர்ந்தார்கள். முதலில் 'வார்சா' என்றிருந்த பெயர் 1978ல் 'ஜாய் டிவிஷன்' ஆனது.

ஹூக்கின் ஸ்பீக்கர் சுமார் ரகம். கீழ் ஸ்தாயியில் வாசித்தால் சம்னரின் கிடார் சத்தத்தில் எதுவும் கேட்காது. அதனால் மேல் ஸ்தாயிக்குப் போனார். தாளத்துக்குத் துணையாக இருக்கும் பேஸ், மெட்டையே வாசிக்க ஆரம்பித்தது. குழுவின் அடையாளம் அப்படித்தான் பிறந்தது.

பெரிய இசைக் கம்பெனிகளை நம்பாமல், உள்ளூரின் சிறு நிறுவனமான ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் மூலம் 1979ல் முதல் ஆல்பம் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' வெளிவந்தது. (இப்படிச் சுதந்திரமாக வரும் ராக் இசைக்குத்தான் 'இண்டி' என்று பெயர்.) மேடையில் முரட்டுத்தனமாக ஒலித்த பாடல்களைத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட், ஆளில்லாத பெரிய கூடத்தில் ஒலிப்பதுபோல் மாற்றினார். சம்னருக்கும் ஹூக்குக்கும் அது பிடிக்கவேயில்லை. ஆனால் இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒலியைத்தான்.

கர்டிஸுக்கு வலிப்பு நோய். கூடவே மனச்சோர்வு, குடும்பச் சிக்கல். 1980 மே 18 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 23. மறுநாள் குழு அமெரிக்கா கிளம்புவதாக இருந்தது. இரண்டாவது ஆல்பம் 'க்ளோசர்' ஜூலையில் வந்தபோது பாடியவர் இல்லை.

யார் விலகினாலும் அந்தப் பெயரை விட்டுவிடுவது என்று நால்வரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அதன்படியே செய்தார்கள். புதுப் பெயர் 'நியூ ஆர்டர்'. கீபோர்டுக்குக் கில்லியன் கில்பர்ட் வந்தார். ஆனால் யார் பாடுவது? மாறி மாறிப் பாடிப் பார்த்து, கடைசியில் சம்னரிடம் வந்து நின்றது. பாடிக்கொண்டே கிடார் வாசிக்க அவருக்கு வரவில்லை. அதனால் வரிகளுக்கு நடுவே கிடார் வந்தது.

1981ல் வந்த 'மூவ்மென்ட்' ஆல்பத்தில் இன்னும் கர்டிஸின் நிழல். நியூயார்க் நடன விடுதிகளில் கேட்ட இசைதான் வழி காட்டியது. 1983ல் 'ப்ளூ மண்டே' வந்தது. டிரம் மெஷின், சின்தசைசர், ஏழு நிமிடத்துக்கு மேல் நீளம். இயந்திரங்களுக்கு நடுவே ஹூக்கின் அதே மேல் ஸ்தாயி பேஸ்! அதிகம் விற்ற 12 அங்குல இசைத்தட்டு என்ற பெயர் அதற்கு உண்டு.

கர்டிஸைப் போலப் பாடும் ஒருவரைத் தேடியிருந்தால் நகல்தான் மிஞ்சியிருக்கும். அவர்கள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள். புது இசை அங்கேதான் முளைத்தது. நீண்ட காலம் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்த ஜாய் டிவிஷன் பாடல்களை, 1998ல் கச்சேரிகளில் மறுபடி பாடத் தொடங்கினார்கள். துக்கம் ஆற அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.