பினாங்கில் ஆங்கில எழுத்தும் தமிழ் மாணவரும்

பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றிய ஆண்டு 1786. அதற்கு முப்பதாண்டுகளுக்குப் பின்னர், 1816 அக்டோபர் 21ஆம் நாள், ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் ஜோர்ஜ்டவுன் நகரில் பினாங்கு பிரீ ஸ்கூல் தோன்றியது. தென்கிழக்காசியாவில் எழுந்த முதல் ஆங்கிலப் பள்ளி என்னும் சிறப்பு அதற்கு உண்டு. அப்பள்ளியை ஒட்டித் தமிழ் வகுப்பு ஒன்றும் தொடங்கப்பெற்றது. அதனையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தோற்றுவாயாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது.

ஆங்கிலக் கல்வியும் தமிழ்க் கல்வியும் ஒரே கூரையின்கீழ்ப் பிறந்தன எனினும், அவை ஒன்றாக வளரவில்லை. தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலப் பள்ளியோ ஓங்கி வளர்ந்தது. இப்பிரிவின் விளைவு, ஆங்கிலம் எழுதக் கற்ற தமிழ்ப் பிள்ளைகளின் ஏடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வந்துள்ளது. அவர்தம் பிழைகள் அறியாமையின் அடையாளமாகவும் கவனக் குறைவாகவும் கருதப்பட்டன. உற்று நோக்கின், அவற்றுட் பெரும்பாலானவை தமிழ் இலக்கணம் ஆங்கில ஏட்டில் விட்டுச்சென்ற சுவடுகளே என்பது புலப்படும்.

ஆங்கில எழுத்தின் தேவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜோர்ஜ்டவுனில் தமிழுக்கு வாழ்வில்லாமற் போகவில்லை. சூலியா தெருவிலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வாணிகம் நடத்தினர். செட்டியார்களின் கிட்டங்கிகளில் கணக்கேடுகள் தமிழிலேயே எழுதப்பட்டன. 1880களில் குலாம் காதிர் நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழிதழைப் பினாங்கிலிருந்து நடத்தினார். எனினும் நீதிமன்றமும் துறைமுகமும் அரசாங்க அலுவலகமும் ஆங்கிலத்தில் இயங்கின. நிலப்பத்திரமோ முறையீடோ எழுத வேண்டுமாயின், ஆங்கிலம் அறிந்த மனு எழுத்தரின் மேசையை நாட வேண்டியிருந்தது. தன் வழக்கைத் தன் கையால் எழுத இயலாதவன், பிறன் கையெழுத்தை நம்பி வாழ நேர்ந்தது.

எனவே ஆங்கிலம் எழுதக் கற்றல் அறிவு வேட்கை மட்டுமன்று. அது பிழைப்புக்கு வழியுமாயிற்று. 1852ஆம் ஆண்டில் செயின்ட் சேவியர் கல்விக்கூடமும் லைட் தெருக் கான்வென்டும் நிறுவப்பட்டன. நகரத்துத் தமிழருட் சிலர் இத்தகைய பள்ளிகளில் பயின்று எழுத்தர் பணி பெற்றனர். யாழ்ப்பாணத்துத் தமிழரோ, வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் நிறுவிய செமினரி முதலியவற்றால் முன்னரே ஆங்கிலக் கல்வி பெற்றிருந்தமையால், மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எளிதில் இடம்பெற்றனர்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேரேனும் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வகை செய்தது. பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. அங்கே தமிழ் இருந்தது, ஆங்கிலம் இல்லை. நகரத்தில் ஆங்கிலம் இருந்தது, தமிழ் இல்லை. இரண்டையும் ஒருங்கே அறிந்து ஒப்பிட்டுக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்விரு பள்ளிகளிலும் இடமின்றிப் போயிற்று.

இதற்கு ஒரு நியாயமும் இருந்தது. ஆங்கிலப் பள்ளி வகுப்பில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் யூரேசியரும் கலந்தே அமர்ந்தனர். அவருள் ஓரினத்தார் மொழியில் விளக்கம் கூறின் ஏனையோர்க்கு அது பயன்படாது. ஆதலின் எல்லோர்க்கும் பொதுவாகப் பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், மனப்பாடம் ஆகியவையே வழிகளாயின. பிழை திருத்தப்பட்டது, பிழையின் காரணம் ஆராயப்படவில்லை.

ஒலியும் எழுத்தும்

அக்காரணங்களுள் முதலாவது எழுத்து முறை வேறுபாடாகும். தமிழில் வல்லின எழுத்து ஒன்றே, அது நிற்கும் இடத்திற்கேற்பப் பல ஒலி பெறும். 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கின்றது, எழுத்தோ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. பை, முதுகு, பொதி என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதினால் மூன்றும் 'பேக்' என்றே அமையும். அவற்றை வேறுபடுத்தும் இரண்டு ஆங்கில எழுத்துகளின் பெயர்கள்கூடத் தமிழில் 'பி' என்னும் ஒரே வடிவம் கொள்ளும். இந்நிலையில் மாணவன் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதுதல் வியப்பன்று.

இரண்டாவது, சொல்லின் முதலிலும் ஈற்றிலும் நிற்கக்கூடிய எழுத்துகள் பற்றியது. தனிமெய் மொழிக்கு முதலில் வாராது என்பது தமிழ் மரபு. இம்மரபு பேச்சு வழக்கிலும் ஆட்சி செலுத்துவதாலேயே 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' என்றாகின்றது. வல்லின மெய் ஈற்றில் நில்லாது உகரம் பெறும் இயல்பால் 'கேட்', 'பஸ்' முதலியன 'கேட்டு', 'பஸ்ஸு' என ஒலிக்கின்றன. காதில் விழுந்தவாறே எழுத முற்படும் பிள்ளை, இவ்வுயிர்களையும் ஆங்கிலச் சொல்லிற் சேர்த்து எழுதி விடுகின்றது.

மூன்றாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு. தமிழில் பன்னிரண்டு உயிரொலிகளுக்குப் பன்னிரண்டு எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத்திலோ ஐந்து உயிரெழுத்துகள் ஏறத்தாழ இருபது உயிரொலிகளைச் சுமக்கின்றன. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லின் தலையில் 'கே' என்னும் எழுத்து வாளா நிற்கின்றது, ஒலிப்பதில்லை. மேலும், சிறப்புப் பெயரின் தொடக்கத்தைப் பெரிய எழுத்தால் காட்டும் வழக்கமும் தமிழுக்கு இல்லை. தமிழில் ஓர் எழுத்துக்கு வடிவம் ஒன்றே.

சொற்றொடர் அமைப்பு

எழுத்துக்கூட்டலைக் கடந்து சொற்றொடர்க்குச் செல்லின், தமிழ் இலக்கணத்தின் சுவடு மேலும் தெளிவாகும். 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் குறைவற்ற வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கும் என்பதை இலக்கண நூல்கள் ஏற்கின்றன. ஆங்கிலத்திலோ இடையில் 'இஸ்' என்னும் வினை இன்றியமையாதது. அதனை விட்டு எழுதும் மாணவன் ஒன்றையும் மறக்கவில்லை; தன் மொழியில் இல்லாத ஒன்றைச் சேர்க்க இன்னும் கற்கவில்லை.

'வந்தேன்' என்னும் ஒரு சொல்லிலேயே எழுவாய், காலம், இடம் ஆகிய மூன்றும் அடங்கும். வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டுவதால் 'நான்' என்று கூறாமலே பொருள் விளங்கும். ஆங்கில வினை இவ்வாற்றல் பெரிதும் இழந்தது. ஆதலின் எழுவாயை வெளிப்படக் கூறுதல் அங்குக் கட்டாயமாகின்றது. 'அவர்' என்னும் தமிழ்ச் சொல் ஆணையும் பெண்ணையும் மதிப்புடன் சுட்டும். ஆங்கிலத்தில் அவ்விருவர்க்கும் சொற்கள் வெவ்வேறு. 'தலைமையாசிரியர் வந்தார்கள்' என்னும் மரியாதைப் பன்மையை மனத்துட் கொண்டு, ஒருவரையே பலராக எழுதிவிடும் மாணவரும் உளர்.

வேற்றுமை உருபுகளும் இத்தகையனவே. 'பினாங்கில்', 'மேசையில்', 'வீட்டில்' என்னும் மூன்றிடத்தும் தமிழுக்கு 'இல்' என்னும் ஓருருபு போதும். ஆங்கிலம் முறையே 'இன்', 'ஓன்', 'எட்' என மூன்று சொற்களைக் கேட்கும். அவற்றையும் பெயருக்கு முன்னே வைக்கச் சொல்லும். 'பள்ளிக்குப் போனான்', 'வீட்டுக்குப் போனான்' என்று தமிழ் ஒரே முறையில் கூற, ஆங்கிலமோ பள்ளிக்கு முன்னே 'டு' என்பதைச் சேர்த்து, வீட்டுக்கு முன்னே அதனை விலக்குகின்றது.

கட்டுரை எழுதும்போது தோன்றும் இடர் வேறொன்று. 'காலையில் எழுந்து, குளித்து, உணவுண்டு, பள்ளிக்குச் சென்றான்' என வினையெச்சங்களைக் கோத்து ஈற்றில் ஒரு முற்றால் முடிப்பது தமிழ் நடையின் அழகு. இதனை அவ்வாறே ஆங்கிலத்திற் கொண்டு செலுத்தினால், எங்கு நிறுத்துவது என்று தெரியாத நெடுந்தொடர் பிறக்கும். 'நான் நாளை வருவேன் என்று முருகன் கூறினான்' என்பதில் 'என்று' என்னும் சொல், பேசியவன் கூற்றை மாற்றாமல் ஏந்திக் கொடுக்கின்றது. ஆங்கிலத்தில் அயற்கூற்றாக எழுதுங்கால் 'நான்' என்பது 'அவன்' ஆதல் வேண்டும். வினையின் காலமும் மாற வேண்டும். அம்மாற்றம் செய்யாதவன் எழுதியது, முருகன் வருவதாகக் கூறியதை விட்டு, எழுதியவனே வருவான் என்று பொருள்பட்டு விடும்.

ஸ்பானியர் தரும் சான்று

இவ்விடர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய குறைபாடுகள் என்று எண்ணுவார்க்கு ஸ்பானிய மொழியினரின் நிலை நல்ல விடையாகும். ஸ்பானிய மொழியிலும் வினை விகுதியே ஆளைக் காட்டும். ஆகவே ஆங்கிலம் எழுதும் ஸ்பானியரும் எழுவாயை விட்டுவிடுகின்றனர். சகர ஒலியும் மற்றொரு மெய்யும் இணைந்து சொல்லின் முதலில் வருவதை அம்மொழி ஏற்பதில்லை. பள்ளியை அவர் 'எஸ்குவேலா' என்பர். அவர் நாவில் ஆங்கிலச் சொல் 'எஸ்கூல்' ஆகின்றது. தமிழர் நாவில் அதுவே 'இஸ்கூல்' ஆகின்றது. ஒலித்தவாறே எழுதும் மொழிக்குப் பழகியமையால் ஆங்கில எழுத்துக்கூட்டல் அவரையும் மருட்டுகின்றது. ஆங்கிலத்தோடு ஒரே எழுத்து வரிசையைப் பயன்படுத்தும் ஐரோப்பியர்க்கே இந்நிலை என்றால், வேறு எழுத்தும் வேறு மொழிக் குடும்பமும் உடைய தமிழ் மாணவனை அறிவிற் குறைந்தவன் எனல் எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவது மொழியும் புதிய இடரும்

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதன்வழி வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் நாட்டின் கல்விக்குப் புதிய அமைப்பைத் தந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவர்கள் இடைநிலைப் பள்ளியின் முதற்படிவத்திற்கு முன்னர்ப் புகுமுக வகுப்பில் ஓராண்டு செலவிட்டனர். மொழி கற்பதற்காக வந்த அவ்வாண்டினைத் தோல்வியின் அடையாளமாகக் கருதி மனம் குன்றிய பிள்ளைகள் பலர். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளையின் ஆங்கிலம் கெடும் என்னும் அச்சமும் பெற்றோரிடையே வேரூன்றியது.

1970ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. ஆங்கிலம் பயிற்று மொழி என்னும் நிலையிலிருந்து பாடமொழி என்னும் நிலைக்கு வந்தது. தமிழ் மாணவன் தமிழெழுத்தோடு, ரூமி எழுத்தில் அமைந்த மலாயையும், அதே எழுத்தில் அமைந்த ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்க வேண்டியவனானான். 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் மலாய் எழுத்துக்கூட்டல் மேலும் சீர்மை பெற்றது. ஆங்கிலத்திலிருந்து பெற்ற 'டெக்சி', 'பஸ்' போன்ற சொற்களை மலாய் தன் ஒலிக்கேற்ப எழுதுகின்றது. அவ்வடிவத்தையே ஆங்கில ஏட்டிலும் எழுதிவிடும் பிள்ளை, ஒன்றைச் செம்மையாகக் கற்றதனாலேயே மற்றொன்றில் பிழை செய்கின்றது.

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. அத்திட்டம் 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பாடத்தின் மொழியை மாற்றுவதனால் மட்டும் எழுத்துத் திறன் வந்துவிடாது என்பதை அவ்வாண்டுகள் எண்ணிப் பார்க்க வைக்கின்றன.

ஆசிரியர் கடன்

வரலாற்றில் இதற்கு மாறான காட்சியும் ஒன்று உண்டு. ஐரோப்பியர் தமிழ் கற்க வந்தபோது, அவரவர் மொழி வழியாகவே தமிழை விளக்கும் நூல்கள் தோன்றின. வீரமாமுனிவர் தம் சமயத் தோழர்களுக்காக இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். ஜி.யு. போப் ஆங்கிலேயர்க்கென ஆங்கிலத்தில் தமிழ்ப் பயிற்சி நூல் படைத்தார். தாம் அறிந்த இலக்கணத்தை விளக்காகக் கொண்டு அறியாத இலக்கணத்துட் புகுதல் அவர்கள் கண்ட வழி. அவ்விளக்கு பினாங்கின் ஆங்கில வகுப்பறையில் தமிழ்ச் சிறுவனின் கைக்குக் கிட்டவில்லை.

பல இனத்தார் கலந்த வகுப்பில் அன்று அது இயலாது போயிற்று. தமிழ்ப்பள்ளியிலோ அத்தடை இல்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரு மொழியினர். எழுவாய், பயனிலை, வேற்றுமை, எச்சம் ஆகியவற்றைத் தமிழ் வகுப்பில் முன்னரே கற்றவர். 'இல்' என்னும் உருபுக்கு ஆங்கிலம் மூன்று சொற்களை வைத்துள்ளது என்று ஒருமுறை ஒப்பிட்டுக் காட்டினால், நூறுமுறை சிவப்பு மையால் கோடிடுவதினும் அது பயன் விளைக்கும். தமிழ் இலக்கணத்தைச் செவ்விதின் அறிந்த மாணவன் ஆங்கில இலக்கணத்தை வேறுபாடு கண்டு கற்பான். அதனை அறியாதவனோ இரு மொழியிலும் தடுமாறுவான்.

ஆகவே, ஆங்கிலத்திற்காகத் தமிழைக் கைவிட வேண்டும் என்னும் வாதம் அடிப்படையிலேயே பிழையுடையது. பிழை மலிந்த ஏட்டைக் கையிலெடுக்கும் ஆசிரியர், 'எத்தனை பிழை' என்று எண்ணுவதற்கு முன்னர், 'எந்தத் தமிழ் விதி இங்கே வந்து நிற்கின்றது' என்று வினவுதல் வேண்டும். 1816இல் அருகருகே தொடங்கிப் பின்னர்ப் பிரிந்த இரு கல்வியும் மீண்டும் கைகோப்பதற்கு அவ்வினாவே முதற்படியாகும்.