ஐம்பது சொல் சோதனை

1897-இல் நேட்டாலில் ஒரு குடிநுழைவுச் சட்டம் வந்தது. கப்பலில் வந்திறங்குபவர் ஏதாவதொரு ஐரோப்பிய மொழியின் எழுத்தில் தன் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். முடியாதவர் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான். அந்த நிபந்தனையில் இந்தியர் என்ற சொல் இல்லை. தோலின் நிறம் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பது டர்பன் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் காந்தியோடு வந்த இந்தியப் பயணிகளை இறங்க விடக்கூடாது என்று வெள்ளையர் கூட்டம் துறைமுகத்தில் திரண்டு நின்றது. இறங்கிய காந்தி தெருவில் தாக்கப்பட்டார்.

இணையத்தில் வேலை தேடும் நம் தலைமுறைக்கு 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்ற வரி நன்றாகவே பழக்கம். ஆங்கிலம் கற்றுக் கொடுக்கும் வேலை, குரல் பதிவு, பிழை திருத்தம், செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு தயாரிக்கும் வேலை என்று எங்கு போனாலும் வாசலில் அந்த வரி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நேட்டால் ஞாபகம்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பிரிட்டிஷ் பேரரசில் எல்லாரும் மகாராணியின் குடிகள், சட்டத்தின்முன் நிற வேற்றுமை இல்லை என்பது ஏட்டில் இருந்த கொள்கை. அதனால் 'இந்தியன் வரக்கூடாது' என்று ஒரு காலனி வெளிப்படையாக எழுதினால் லண்டனுக்குச் சங்கடம். மொழியைக் காரணமாக வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. காலனித்துவச் செயலாளராக இருந்த ஜோசப் சேம்பர்லேன், 1897-இல் லண்டனுக்கு வந்த காலனிப் பிரதமர்களிடம் நேட்டாலின் வழியையே எடுத்துக்காட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901-இல், ஆஸ்திரேலியா அதைப் பின்பற்றியது.

ஆஸ்திரேலியாவில் அதற்குப் பெயர் 'டிக்டேஷன்' தேர்வு. அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை வாசிப்பார், வந்தவர் கேட்டு எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் வாசிப்பது என்பதை அதிகாரியே முடிவு செய்வார். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வருமா? அப்படியென்றால் வேறு மொழியில் வாசித்துக் கொள்ளலாம். 1902 முதல் 1909 வரை 1,359 முறை தேர்வு நடந்தது. தேறியவர்கள் 52 பேர். 1909-க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. 1958-இல்தான் தேர்வு ஒழிந்தது.

1934-இல் எகோன் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளர் பாசிசத்துக்கு எதிராகப் பேச ஆஸ்திரேலியா வந்தார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அவர் எழுத மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டம் குறிப்பிடும் ஐரோப்பிய மொழிகளில் ஸ்காட்டிஷ் கேலிக் அடங்காது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கோபப்பட்டார்களாம், கோபப்படாமல் எப்படி!

இந்தக் கதையில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஓரிடம் உண்டு. நேட்டால் சட்டம் எல்லா இந்தியருக்கும் பொருந்தவில்லை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டர்பனுக்குப் போன 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கரும் ஏராளம். அரசாங்க ஏற்பாட்டில் வரும் இந்தக் கூலிகளுக்கு 1897 சட்டம் விலக்கு கொடுத்தது. கரும்பு வெட்ட வருபவனுக்கு எந்த மொழியும் தெரிய வேண்டாம். கடை போட வருபவனுக்குத்தான் ஐரோப்பிய எழுத்து தேவைப்பட்டது. கித்தாக் காட்டுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிகளிடமும் யாரும் மொழித் தேர்வு வைக்கவில்லை. போட்டியாக வருகிறான் என்று தோன்றும் இடத்தில்தான் தேர்வு முளைக்கிறது.

பிறகு இந்த வாசல் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. முதலில் கற்கும் மொழியே ஒருவரின் தாய்மொழி, அவரே அதன் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று அமெரிக்க மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933-இல் எழுதினார். அது வெறும் விளக்கம். 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலக் கல்வி பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. ஆங்கிலத்துக்குச் சிறந்த ஆசிரியர் அதன் நேட்டிவ் ஸ்பீக்கரே என்ற நம்பிக்கை அங்கே வலுப்பெற்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1992-இல், ராபர்ட் பிலிப்சன் அதை ஒரு மாயை என்று பெயர் சொல்லியே மறுத்தார். ஆனால் அதற்குள் அது சம்பளப் பட்டியலாக மாறிவிட்டிருந்தது.

இன்று ஆங்கிலம் கற்பிக்கும் வேலைகளில் பரவலாகப் புழங்கும் பட்டியல் ஏழு நாடுகளைக் கொண்டது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. உங்கள் கடப்பிதழ் இந்த ஏழில் ஒன்றா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வீட்டில் சிறு வயது முதலே ஆங்கிலம் பேசி வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை.

ஏழாவது நாட்டைக் கவனியுங்கள். டர்பன் அங்கேதான் இருக்கிறது. ட்ரூரோவில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ராஜேந்த் மெஸ்த்ரி இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எந்த மொழியை வைத்து அவர்கள் இனத்தாரைத் துறைமுகத்தில் தடுத்தார்களோ அதே மொழிக்கு இன்று அவர்கள் 'நேட்டிவ்'. கொடுத்த விலை, பெரும்பாலான வீடுகளில் தமிழ். நாம் தமிழைக் காப்பாற்றிக்கொண்டோம், பட்டியலில் இல்லை. இதில் யாரைப் பாராட்டுவது, யாருக்கு வருந்துவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, ஆங்கிலத்தை விடுங்க, தமிழ் வேலைக்காவது நாம் நேட்டிவ்தானே? அப்படித்தான் நானும் ஒரு தளத்தில் விண்ணப்பித்தேன். தமிழ் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதும் வேலை. படிவத்தில் 'தமிழ் – இந்தியா', 'தமிழ் – இலங்கை' என்று இரண்டே வாய்ப்புகள். மலேசியா இல்லை. யூனிகோட் அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டுத் தமிழும் பதிவாகியிருக்கிறது. ஆகவே கணினிக்கு நம்மைத் தெரியும், படிவம் செய்தவருக்குத்தான் தெரியவில்லை. விளக்கம் எழுதி அனுப்பியபின் தேர்வுக்கு அழைத்தார்கள். 'உங்கள் ஒரு நாளைப் பற்றி இயல்பாகப் பேசுங்கள்' என்றார்கள். பேசினேன். "காலையில பசியாறிட்டு, சடக்கு ஓரமா நடந்து, மூணாம் கட்டையில பஸ் ஏறுனேன்." இரண்டு நாளில் பதில் வந்தது: தாய்மொழியாளர் தரம் இல்லை.

யார் தீர்மானித்தார்கள்? சென்னையில் இருக்கும் இன்னொரு கூலித் தொழிலாளியாக இருக்கலாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பசியாறுவது அவர் ஊரில் வேறு மாதிரி ஒலிக்கலாம், சடக்கு அவர் காதில் விழாத சொல்லாக இருக்கலாம். ஆனால் தளத்தின் நோக்கம் தமிழ் பேச்சைக் கணினிக்குக் கற்றுத் தருவது என்றால், ஈப்போவிலும் கிள்ளானிலும் பேசும் பேச்சு அதற்குள் போகாமல் இருப்பதற்கு அந்த ஒரு வரிப் பதில் போதும். நாளை நம் பாட்டி கைப்பேசியிடம் பேசினால் அது புரியவில்லை என்று சொல்லும். பாட்டி தன் தமிழில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்.

தேர்வே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவக் குறிப்பை மொழிபெயர்ப்பவருக்கு இரண்டு மொழியும் தெரிந்தே ஆக வேண்டும். தமிழ் தெரியாதவர் கூகுள் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு தமிழ் வேலை வாங்குவதும் நடக்கிறது, அதனால் கெடுவது நம் மொழிதான். ஆனால் ஒரு தேர்வு நேர்மையானதா என்று பார்க்க வரலாறு மூன்று கேள்விகளைக் கொடுத்திருக்கிறது. இந்தத் தேர்வு எல்லாருக்கும் வைக்கப்படுகிறதா, அல்லது சிலருக்கு மட்டுமா? எந்த மொழி, எந்த வட்டாரம் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறதா, அல்லது ஆளைப் பார்த்தபின் முடிவாகிறதா? தேறாதவர் ஏன் தேறவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா?

டிக்டேஷன் தேர்வு முதல் இரண்டு கேள்விகளிலேயே விழுந்துவிடும். மூன்றாவது கேள்வியை கிஷ் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார், அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் வந்து நின்றார்கள். எனக்கு வந்த மின்னஞ்சலின் கடைசி வரி, இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப இயலாது என்றது.