மணலில் எழுதிய விரல்: தமிழ் எழுத்துப் பயிற்சி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

சிங்கப்பூரில் விஜயதசமியன்று கோயிலுக்கு அழைத்துவரப்படும் குழந்தையின் சுட்டுவிரலைப் பெரியவர் ஒருவர் பற்றி, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதச் செய்வதைக் காணலாம். குழந்தை அவ்வெழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். பின்னர்ப் பாலர்பள்ளியில் பென்சிலும் புள்ளிக்கோட்டுப் பயிற்சித்தாளும் அதற்காகக் காத்திருக்கும். இன்று ஒருநாள் சடங்காகச் சுருங்கிவிட்ட இச்செயல், ஒரு காலத்தில் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளின் அன்றாட முறையாக இருந்தது.

அப்பள்ளிகளில் மாணாக்கர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பெற்றனர். சட்டாம்பிள்ளை எனும் மூத்த மாணாக்கன் 'ஆனா, ஆவன்னா' என முன்மொழிய, இளையோர் அதனை வழிமொழிந்தவாறே எழுதினர். பிழையை உள்ளங்கையால் அழித்துவிடலாம். தவற்றின் சுவடு எஞ்சுவதில்லை.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் அநாதைச் சிறுவர் காப்பகப் பொறுப்பை ஏற்ற இசுகாட்லாந்தியரான ஆண்ட்ரூ பெல், இத்தகைய பள்ளியொன்றைக் கண்ணுற்றார். அதனை 'மலபார்'ப் பள்ளி என்றே அவர் குறித்தார்; அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அப்பெயரால் வழங்கினர். மணலில் எழுதும் முறையைத் தம் காப்பகத்தில் புகுத்த அவர் முனைந்தபோது, உதவி ஆசிரியர் இயலாது என மறுத்தார். எனவே எட்டு வயதுச் சிறுவனான ஜான் பிரிஸ்கனிடம் அப்பணியை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் வெளியான பெல்லின் நூல்வழி இது 'சென்னை முறை' எனப் புகழ்பெற்றது. ஆங்கிலப் பள்ளிகளில் மணற்பலகைகளும் இடம்பெற்றன. ஆயினும் மேலைநாடு பெரிதும் போற்றியது, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கரைச் சிக்கனமாகக் கற்பிக்கும் உத்தியை மட்டுமே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. விரலும் குரலும் ஒருங்கே இயங்கியதன் பயன் உரிய கவனம் பெறவில்லை.

1907இல் உரோமில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் தடவி ஒலிக்கச் செய்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். எழும்பூருக்கும் அடையாற்றுக்கும் சில கல் தொலைவுதான். இரு முறைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டென நிறுவுவது இங்கு நோக்கமன்று. ஒத்த உண்மை இருவேறு வழிகளில் உணரப்பட்டது என்பதே நோக்கத்தக்கது.

சிங்கப்பூருக்கு வருவோம். 1946இல் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி இங்கு முடிவுற்றது. தமிழக அரசு 1978இல் 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீரமைத்ததை 1983இல் சிங்கப்பூர் ஏற்றபின், பிள்ளைகள் எழுதிப் பழகவேண்டிய தனி வடிவங்கள் குறைந்தன. ஆனால் வீட்டில் தமிழ் குறைந்தது. தமிழை வீட்டில் மிகுதியும் பேசுவோர் 2010 குடிமதிப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழை வலியுறுத்தியது இச்சூழலில் சரியானதே. எனினும் பேச்சு ஒரு வகுப்பு, எழுத்து மற்றொரு வகுப்பு எனப் பிரிப்பதில்தான் இடர் உள்ளது.

ன, ண, ந ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய பேச்சில் இவற்றின் ஒலி வேறுபாடு தெளிவாகக் கேட்பதில்லை. மரபு இவற்றை றன்னகரம், டண்ணகரம், தந்நகரம் என இனவெழுத்தால் பிரிக்கும். மக்கள் வழக்கோ முதலிரண்டையும் 'இரண்டு சுழி', 'மூன்று சுழி' என்கிறது. இவை விரல் தந்த பெயர்கள். புள்ளிகளைத் தொடரும் குழந்தை வாய் திறவாமலே பக்கத்தை நிரப்பிவிடலாம். சுழிகளை எண்ணவும் தேவையில்லை. தொடக்கநிலை ஒன்றில் ஒரு மணல்தட்டும் அதைச் சுற்றி நான்கு பிள்ளைகளும் போதும். சட்டாம்பிள்ளையாக ஒருவர் 'பணி' எனச் சொல்ல, இன்னொருவர் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஒரு சுழி குறைந்து அது 'பனி' ஆகிவிட்டால், ஆசிரியர்க்கு முன்னரே மற்ற இருவரும் கண்டுபிடித்துச் சிரிப்பர்.