வீட்டு வண்டி ஆன்டெனா முன்பெருக்கி

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் கூரை ஆன்டெனாவுக்குள்ளேயே பொருத்தப்படும், தொலைக்காட்சிச் சமிக்ஞையை வலுவாக்கும் சிறு மின்னணுச் சுற்று. அயோவா மாநிலத்து வைன்கார்டு நிறுவனத்தின் வௌவால் இறக்கை வடிவ ‘சென்சார்’ ஆன்டெனாவில் இதைப் பரவலாகக் காணலாம்.

பெருக்கிக்கெனத் தனி மின்கம்பி கூரைக்குப் போவதில்லை. வண்டியின் 12 வோல்ட் இணைப்பு உள்ளே ஒரு சுவர்த் தகட்டுக்கு வருகிறது. அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் குட்டி விளக்கு எரியும். கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பி வழியே நேர்மின்னோட்டம் மேலேறும். படச் சமிக்ஞை அதே கம்பியில் கீழிறங்கும். ஒன்று நேர்மின்னோட்டம், மற்றது உயர் அதிர்வெண் அலை என்பதால் மின்சுருளும் மின்தேக்கியும் இரண்டையும் எளிதில் பிரித்துவிடுகின்றன.

பொத்தானை அணைத்தால் முகாம் தளத்தின் கேபிள் இணைப்பு டிவிக்குப் போகும். ஆன்டெனாவில் படம் வரவில்லை என்று கூரையேறுமுன் இந்தப் பொத்தானைப் பார்ப்பது நல்லது. இடையில் செருகிய ஸ்பிளிட்டரும் வில்லனாகலாம்: நேர்மின்னோட்டத்தைக் கடத்தாத வகையென்றால் பெருக்கி பட்டினிதான். கூரை முனையில் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை நடு ஊசியிலும் மற்றதை வெளியுறையிலும் வைத்தால் ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும். விளக்கு எரிந்தும் மீட்டர் அசையவில்லையா? கேபிளையோ இணைப்பியையோ சந்தேகிக்கலாம். ஆன்டெனாவை ஏற்றி இறக்கும்போது கேபிள் மடங்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.